பூட்டன் ஊரைத் தேடுகிறவர்களுக்கு

இலங்கைத் தேயிலைக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஜேம்ஸ் டெய்லர் 1835-இல் ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர். 1867-இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1892-இல் அங்கேயே இறந்தார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கல்லறை கண்டி மகியாவையில் இருக்கிறது. அவருடைய குடும்பக் கிளையில் வந்த ஒருவர் கனடாவில் உட்கார்ந்துகொண்டு தேடினாலும் பாட்டனுக்குப் பாட்டன் வரை பெரிய சிரமமில்லாமல் போய்விடலாம். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டிக் கன்று நட்ட தமிழர்களின் வழியில் வந்த ஒருவர் அதே கனடாவிலிருந்து தேடத் தொடங்கினால் கையில் என்ன இருக்கும்? பாட்டி சொல்லிக்கொண்டிருந்த ஓர் ஊர்ப் பெயர். அதுவும் 'ராஜபாளையம் பக்கம்', 'வில்லிபுத்தூருக்கு மேற்கே' என்கிற அளவில்தான். இந்தப் பதிவு அந்த இரண்டாவது ஆளுக்காகவும், அவருக்கு இங்கிருந்து உதவ நினைக்கிறவர்களுக்காகவும். நான் சொல்ல வருவது இதுதான்: காகிதம் உங்களைத் தாலுகா வரை கொண்டுவந்து விடும். அங்கிருந்து வீட்டு வாசலுக்குக் கூட்டிப்போக ஊரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் உங்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி உங்கள் குலசாமியைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்துக்காரர்களின் வசதி எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். உலகம் முழுக்க விற்கிற 'வம்சாவளி தேடுவது எப்படி' என்கிற கையேடுகள் எல்லாம் அந்த மாதிரி நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே தேவாலயப் பதிவேடுகளில் மிகப் பழையது 1553-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே கட்டாயமாகப் பதிந்தது. இறப்புப் பதிவில்கூட இறந்தவரின் தாய், தந்தை பெயர் இருக்கும்; தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் சேர்ந்தே இருக்கும். 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கு வீடு வீடாக, ஆள் ஆளாக எழுதப்பட்டு, நூறு ஆண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. இதற்கெல்லாம் மேலே ஊர் ஊராகக் கல்லறைக் கல்வெட்டுகளைப் படித்துப் படம் எடுத்து வைக்கும் தன்னார்வலர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் கேட்டால் அபர்டீனில் இருக்கிற முன்பின் தெரியாத இன்னொருவர் போய்ப் பார்த்துச் சொல்கிறார். கேட்டவர் பதிலுக்கு மெல்போர்னில் ஒரு கல்லறையைப் பார்த்துச் சொல்கிறார். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. அவர்களுடைய முறையை அப்படியே எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தால் முட்டுச்சந்தில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

ஏனென்றால் அந்த முறை சாய்ந்து நிற்கும் தூண்கள் எதுவும் இங்கே இல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பன் பெயரின் முதல் எழுத்துதான், அதுவும் அடுத்த தலைமுறையில் மாறிவிடும். 1871 முதல் இங்கேயும் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். ஆனால் கூட்டுத்தொகையை எடுத்துக்கொண்டு, பெயர் எழுதிய படிவங்களைக் கழித்துவிட்டார்கள். சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1899-இல்தான் வந்தது. அதற்கு முன்பே தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டுப் போனவருடைய பிறப்பை அதில் தேடிப் பயனில்லை. சரி, நிலப் பதிவேடு? பட்டா, செட்டில்மெண்ட் பதிவேடு, பத்திரப்பதிவு அலுவலகத்து வால்யூம்கள் எல்லாம் நிலம் வைத்திருந்தவர்களுக்கானவை. கப்பல் ஏறியவர்களில் பெரும்பங்கினர் நிலமில்லாதவர்கள், அவர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் அதிகம். நிலம் இருந்திருந்தால் ஏன் போகப்போகிறார்கள்? போதாக்குறைக்கு ராஜபாளையத்தைச் சுற்றிச் சேத்தூர் மாதிரி ஜமீன் கிராமங்கள் வேறு. அங்கே 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும் வரை குடிகள் கணக்கு ஜமீன் கச்சேரியில்தான், சர்க்கார் கச்சேரியில் அல்ல.

இதில் கடல் கடந்து போனவர்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு தரப்புக்கும் குறை நேர்எதிரானது. ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் ஃபிஜிக்கும் போனவர்களிடம் காகிதம் இருக்கிறது, நினைவு இல்லை. நேட்டாலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பனில் நின்றது முதல் 1911 வரை 1,52,184 பேர் போனார்கள்; சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம் என்று வரிசையாக எழுதி வைத்தார்கள். மனிதரைச் சரக்காகக் கணக்கெடுத்த பேரேடு அது. இன்றைக்கு அதுவே பூர்வீகத்துக்கு ஆதாரமாக நிற்பதில் ஒரு கசப்பு உண்டு. அந்தக் கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஜாய் பிரெய்ன் என்ற வரலாற்றாசிரியரும் அவருடைய குழுவினரும் அவற்றைக் கணினியில் ஏற்றியதால் இன்று பெயர் கொடுத்துத் தேட முடிகிறது. மொரீஷியஸுக்குப் போன சுமார் நாலரை லட்சம் பேருக்கான பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில். ஃபிஜிக்குத் தென்னிந்தியர்கள் 1903-இலிருந்துதான் போனார்கள். ஏறத்தாழ 15,000 பேர். அவர்களுக்கும் ஆளுக்கொரு பாஸ், அதில் ஊர்ப் பெயர்.

இலங்கைக்குப் போனவர்கள் கதை தலைகீழ். அங்கே ஒப்பந்தம் இல்லை, கங்காணி முறை. ஊர்க்காரரே ஊர்க்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். மண்டபம் வழியாக மன்னார், அங்கிருந்து காட்டு வழியே நடந்து மாத்தளை. அல்லது தட்டப்பாறை முகாமில் தங்கித் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு. கங்காணி கையில் கூலிகளின் கடனை எழுதிய 'துண்டு', தோட்டத்தில் வருகைப் பதிவேடான 'செக்ரோல்', அவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரச் சீட்டில்கூட எண்கள்தான். பழைய திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு நேட்டாலைவிட இலங்கை பக்கம். ஆகவே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தைத் தேடி வருகிறவர்களில் மலையகக் குடும்பங்களின் வழிவந்தவர்கள்தான் கூடுதலாக இருக்க வாய்ப்பு. இவர்களுக்கு ஊர்ப் பெயர் நினைவிருக்கும், சில வீடுகளில் ஊரிலிருந்து வந்த பழைய கடிதம்கூட இருக்கும், அரசாங்க முத்திரை போட்ட ஆதாரம் மட்டும் இருக்காது. அந்த இல்லாமைக்கு அவர்கள் கொடுத்த விலை சின்னதல்ல. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்த மண்ணில் பிறந்தவரிடமே 'உன் தகப்பனும் இங்கே பிறந்தவனா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா, நிரூபி' என்று கேட்டது. நிரூபிக்க முடியாத லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. எடின்பரோ, கிளாஸ்கோ, ஹோலிரூட், டன்கெல்ட் என்று ஸ்காட்லாந்துப் பெயர் வைத்த தோட்டங்களிலிருந்து மண்டபத்துக்கு வந்து இறங்கியவர்களிடம் ஊர்ப் பெயர் இருந்தது. அந்த ஊரில் அவர்களை அடையாளம் சொல்ல ஆள் இருந்ததா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபட்டது.

காகிதம் உள்ளவர்களும் தாலுகாவோடு நின்றுபோவது ஏன் என்பதற்கு இந்த வட்டாரமே நல்ல சாட்சி. பட்டியலில் 'திருநெல்வேலி ஜில்லா, ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா' என்றிருப்பதைப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு விமானச் சீட்டு எடுக்காதீர்கள். 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அதில் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் தலைமையிடமோ வெகுகாலம் மதுரையில். 1985-இல் இந்தப் பக்கம் அதிலிருந்து பிரிந்து காமராஜர் மாவட்டமானது, 1997-இல் விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. ஆனால் மாவட்ட நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையம் தாலுகா என்று ஒன்று அந்தக் காலத்தில் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பின்னாளில் பிரிந்தது. ஆகவே 1880-இல் போன ஒருவருடைய கிராமம் இன்றைய ராஜபாளையம் வட்டத்தில் இருக்கலாம், பழைய கோப்பு ஏதாவது இருந்தால் அது இத்தனை ஊர்களில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். வரைபடத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம். இங்கே வாழ்கிற ஒருவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

கிராமத்துப் பெயருக்கு வந்தால் சிக்கல் இன்னும் சுவாரஸ்யம். 'திருவண்ணாமலை' என்று வீட்டில் சொல்லக் கேட்டிருந்தால் எல்லோரும் வடக்கே போய்விடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டியே ஒரு திருவண்ணாமலை இருக்கிறது, ஸ்ரீனிவாசப் பெருமாள் மலைமேல் நிற்கிற ஊர். 'திருவனந்தபுரம்' என்றால் கேரளம் என்றுதான் தோன்றும். ராஜபாளையத்துக்குள் திருவனந்தபுரம் தெரு இருக்கிறது. 'வாட்ராப்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பது வத்திராயிருப்பு. புதுப்பட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை ஊர் இருக்கிறதோ தெரியாது, இங்குள்ளவர்கள் குழப்பம் வேண்டாமென்று வத்திராயிருப்பின் முதல் எழுத்தைச் சேர்த்து வ.புதுப்பட்டி என்கிறார்கள். மேலராஜகுலராமன், கீழராஜகுலராமன் என்று இரண்டு ஊர். துறைமுகத்துக் குமாஸ்தா இதில் 'மேல', 'கீழ' என்பதை எழுதினானா என்பது அவன் பொறுமையைப் பொறுத்தது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற வட்டாரம் வேறு. ஒருவர் தன் ஊரை வீட்டு உச்சரிப்பில் சொல்லியிருப்பார், குமாஸ்தா தன் காதுக்கு எட்டியபடி எழுதியிருப்பான். சேத்தூர் 'சாத்தூர்' ஆகிவிட்டால் இரண்டு தாலுகா தள்ளிப் போய்விடுவீர்கள்.

இங்கேதான் ஊரில் உள்ள உதவியாளரின் வேலை தொடங்குகிறது. முன்பென்றால் அவர் நேராகக் கர்ணம் வீட்டுக்குப் போயிருப்பார். பரம்பரையாகக் கணக்கு எழுதிய குடும்பம், ஊரில் யார் எந்த வகையறா, யார் எப்போது போனார் என்பதெல்லாம் அவர்களுக்கு வாய்ப்பாடமாக இருந்தது. 1980 நவம்பரில் அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்து, மாறுதலாகக்கூடிய கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டது. பதவியை வைத்து ஊரை ஆட்டிவைத்த அதிகாரம் ஒழிந்தது நல்லதுதான், அதற்காக வருத்தப்பட மாட்டேன். ஆனால் அந்த நினைவும் கூடவே கலைந்துபோனது. மிச்சமிருக்கிற ஒரே பெரிய பதிவேடு குலசாமி கோயில். பங்காளிகள் சேர்ந்து கும்பிடுகிற சாமிக்குப் பொங்கல் வைக்க, கொடை கொடுக்க, கோபுரத்துக்கு வெள்ளையடிக்கத் தலைக்கட்டு வரி போடுவார்கள். வரி போட வேண்டுமென்றால் யார் யார் தலைக்கட்டு என்று பட்டியல் வேண்டும். யார் எந்த வகையறா, எந்தப் பாட்டன் மக்கள், எந்த வீடு ஆளில்லாமல் போனது, எவர் பங்கு 'கண்டிக்குப் போனவர் பங்கு' என்று நின்றுபோனது என்பதெல்லாம் பூசாரிக்கும் வரி வசூலிக்கும் பெரியவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு நோட்டுப் புத்தகம், சில சமயம் அதுவும் இல்லாமல் வெறும் வாய்க்கணக்கு. ஆனால் சாதாரணமான, நிலமில்லாத, பள்ளிக்கூடம் போகாத குடும்பத்தையும் உள்ளே வைத்துக்கொள்ளும் பதிவேடு இது ஒன்றுதான். பட்டா இல்லாதவனுக்கும் பங்காளி உண்டு.

இப்படி ஒரு நினைவு தலைமுறை தாண்டி நிற்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் ராஜபாளையத்தையே பார்க்கலாம். இந்த ஊரின் ராஜுக்கள் விஜயநகர காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து வந்தவர்கள். சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசுவாமி ராஜா இவர்களில் ஒருவர். எந்தப் பதிவு அலுவலகமும் இல்லாமல் கோத்திரத்தையும் கோட்டைப் பிரிவையும் வீட்டுத் தெலுங்கையும் நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். காரணம் பழம்பெருமை மட்டுமல்ல. யார் பங்காளி, யார் சம்பந்தி என்று தெரியாமல் ஒரு கல்யாணத்தைக்கூட முடிவு செய்ய முடியாது. தினசரிப் பயன்பாடு இருக்கிற தகவல் மறப்பதில்லை. மற்றச் சாதிகளிலும் குலசாமியும் வகையறாவும் நிற்பதற்கு இதே காரணம்தான்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வழி வேறு, கொஞ்சம் சுலபம். 1854 முதல் ராக்லண்ட் முதலிய மிஷனரிகள் சிவகாசியை மையமாக வைத்து வடக்குத் திருநெல்வேலியில் சுற்றினார்கள். திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயரும் ஊரும் இருக்கும். அங்கே ஸ்காட்லாந்துக் கையேடு ஓரளவு செல்லுபடியாகும்.

ஊர் நினைவை எப்படி நம்புவது? இது நியாயமான கேள்வி. வெளிநாட்டுக்காரர் வந்து நின்றால் 'ஆமாம், நம்ம ஆள்தான்' என்று சொல்லத் துடிக்கிற மனசு நம் ஊர்களில் தாராளம். அன்பினாலும் சொல்வார்கள், ஆதாயத்துக்கும் சொல்வார்கள். அதற்கு ஒரு எளிய கட்டுப்பாடு போதும். உங்களிடம் உள்ள எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே கொட்டிவிடாதீர்கள். போனவர் பெயரையும் தோராயமான ஆண்டையும் குலசாமியையும் மட்டும் சொல்லுங்கள். அவருடைய தகப்பன் பெயர், கூடப் பிறந்தவர்கள் பெயர், உடம்பு அடையாளம் இவற்றைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து தகப்பன் பெயர் தானாக வருகிறதா என்று பாருங்கள். மூத்த பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். ஸ்காட்லாந்திலும் இதே வழக்கம் இருந்தது, அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் பல முடிச்சுகளை அவிழ்க்கிறார்கள். உங்கள் பக்கத்துப் பெயர் வரிசையும் ஊரில் தங்கிவிட்ட கிளையின் பெயர் வரிசையும் ஒரே பாட்டனிடம் போய் முட்டுகிறதென்றால் அது கனமான சாட்சி. மாடசாமி என்ற ஒரு பெயர் மட்டும் ஒத்துப்போனால் அது ஒன்றுமே இல்லை. இந்தச் சீமையில் தெருவுக்கு நாலு மாடசாமி. உதவுகிறவரின் தரத்தை அளக்கவும் இதே அளவுகோல்தான். 'கிடைக்கவில்லை' என்று எழுதத் தெரிந்தவர் ஆராய்ச்சியாளர். காசு வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முறையும் வம்சாவளியை முழுசாகத் தைத்துக் கொடுக்கிறவர் வியாபாரி.

டி.என்.ஏ. சோதனை இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு என்று இளையவர்கள் கேட்பார்கள். எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் வருகிற பட்டியல், அதே சோதனையைச் செய்துகொண்ட மற்றவர்களின் பட்டியல். டர்பனிலும் டொரன்டோவிலும் இருப்பவர்கள் அதில் வருவார்கள். முகவூரிலோ மம்சாபுரத்திலோ கூலி வேலைக்குப் போகிறவர் அந்தக் குப்பியைப் பார்த்திருக்கவே மாட்டார். இன்னொன்று, அக்காள் மகளையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிற சமூகத்தில் ரத்த ஒற்றுமை எக்கச்சக்கமாகக் காட்டும். கணினி 'இரண்டாம் நிலைச் சகோதரர்' என்று சொல்பவர் உண்மையில் ஆறு தலைமுறை தள்ளியவராக இருக்கலாம். ஆனால் இந்தச் சோதனையை நான் ஒதுக்கவில்லை. வேறு வழியில் ஒரு பங்காளிக் குடும்பத்தைக் கண்டுபிடித்த பிறகு, இரண்டு பக்கத்து ஆண்களும் ஆண்வழிக் குரோமோசோமைச் சோதித்துக்கொண்டால் பங்காளி உறவு உண்டா இல்லையா என்பது பெருமளவு தெளிவாகும். தேடுவதற்கு உதவாது, சரிபார்க்க உதவும்.

கடினமான ஆட்சேபம் இனிமேல்தான். குலசாமியைக் கேட்பது சாதியைக் கேட்பதுதானே? ஆமாம், பல இடங்களில் அப்படித்தான் முடியும், மழுப்புவதில் பயனில்லை. தெற்கே ஒரே அய்யனாரைப் பல சாதியார் குலசாமியாகக் கும்பிடுகிற கோயில்கள் உண்டு. ஆனாலும் எந்த வகையறா என்ற அடுத்த கேள்வி சாதியில்தான் போய் நிற்கும். அப்படியிருந்தும் சாதியைவிடக் குலசாமியை முதலில் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கப்பல் பட்டியலில் உள்ள சாதிக் கட்டத்தை நம்ப முடியாது. வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று மாற்றிச் சொன்னவர்கள் உண்டு, ஊர்ச் சுமையை உதற நினைத்து மாற்றியவர்கள் உண்டு, குமாஸ்தா தோன்றியதை எழுதியதும் உண்டு. நேட்டாலில் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, படையாச்சி என்பவையெல்லாம் பின்னாளில் குடும்பப் பெயராகிவிட்டன. பட்டப்பெயரை வைத்துப் பூர்வீகம் தேடினால் வேறு ஒருவருடைய வாசலில் போய் நிற்பீர்கள். குலசாமி அப்படி எளிதில் மாற்றிக்கொள்கிற விஷயம் அல்ல. தேடி வருகிறவரின் விருப்பமும் முக்கியம். நாலு தலைமுறையாகச் சாதி தெரியாமல் வாழ்ந்தவர் தெரிந்துகொள்ள விரும்பாமல் இருக்கலாம். அப்படியென்றால் ஊர் வரை வந்து நின்றுகொள்ளட்டும். உதவுகிறவர் தான் கண்டதைக் கேட்டவரிடம் மட்டும் சொல்ல வேண்டும், ஊரறியப் போடக்கூடாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வந்தவருக்குப் பூட்டன் வீடு ஊருக்குள்ளா, காலனியிலா என்பதை மறைக்காமல் காட்ட வேண்டும். அவர்கள் போனதற்கான காரணத்தில் பாதி அந்தத் தெருவின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஊர்க்காரர்களின் பயம் வேறு மாதிரி. தேடி வருகிறவன் சொத்தில் பங்கு கேட்பானோ? சிரிக்க வேண்டாம், பல வாய்கள் மூடிக்கொள்வது இதனால்தான். முன்பே சொன்னபடி போனவர்களில் பெரும்பாலோருக்குப் பங்கு கேட்க நிலமே இருந்ததில்லை. அப்படி இருந்தாலும் நாலு தலைமுறை கழித்து, வாரிசுச் சங்கிலி முழுவதையும் ஆவணத்தோடு நிறுவி வழக்கு நடத்துவது நடைமுறையில் ஆகிற காரியமா என்று ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வாசலில் நிற்கிற எந்த வக்கீலையும் கேட்கலாம். ஆனாலும் பேச்சைத் தொடங்கும்போதே, கேட்காமலேயே, 'சொத்துக்காக வரவில்லை' என்று சொல்லிவிடுவதும், பட்டா நகல், வில்லங்கச் சான்று என்று முதல் நாளே ஆரம்பிக்காமல் இருப்பதும் புத்திசாலித்தனம்.

இதையெல்லாம் அரசே செய்யக்கூடாதா? கொஞ்சம் செய்திருக்கிறது. 2008-இல் மத்திய அரசின் அயலக இந்தியர் அமைச்சகம் பூர்வீகம் தேடித் தரும் திட்டம் ஒன்றைக் கட்டணத்தோடு தொடங்கியது. 2016-இல் அந்த அமைச்சகமே வெளியுறவு அமைச்சகத்தில் கலந்துவிட்டது. 2024-இல் மொரீஷியஸில் ஏழாம் தலைமுறைக்கும் அயலக இந்தியக் குடியுரிமை அட்டை உண்டு என்று குடியரசுத் தலைவர் அறிவித்தார். அதற்கும் ஏதாவது ஒரு காகிதம் வேண்டுமே. தமிழ்நாடு அரசு அயலகத் தமிழ் இளைஞர்களை 'வேர்களைத் தேடி' என்று அழைத்து வந்து ஊர் சுற்றிக் காட்டுகிறது. மாமல்லபுரத்தையும் தஞ்சாவூரையும் பார்ப்பது நல்லதுதான், ஆனால் அது எல்லோருக்கும் பொதுவான வேர். அரசால் முடிவது ஆவணங்களைத் திறந்து வைப்பது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளவற்றைப் பெயர் கொடுத்துத் தேடும்படி செய்தால் அதுவே பெரிய தொண்டு. பூசாரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க எந்த அமைச்சகத்தாலும் முடியாது. அதற்கு உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற தபால்காரர், வட்டார வரலாறு எழுதுகிறவர் இப்படி யாராவது வேண்டும்.

அந்த யாராவது ஏன் வெயிலில் அலைய வேண்டும்? இந்த இடத்தில்தான் மெல்போர்ன் - அபர்டீன் கணக்கு நமக்கும் பொருந்துகிறது. வெளிநாட்டில் இருப்பவரிடம் ஊருக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது: இங்கிருந்து போனவர்களின் பட்டியல். நம் ஊர் வரலாறுகளைப் படித்துப் பாருங்கள். ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரம் இருக்கும், பாளையக்காரர்கள் இருப்பார்கள், 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில் இருக்கும். பஞ்சத்திலும் கடனிலும் ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஒரு பத்திகூட இருப்பது அபூர்வம். டர்பனில் ஒருவர் உட்கார்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா என்று பதிவான வரிகளை மட்டும் பிரித்து எடுத்து அனுப்பினால், எந்த ஆண்டு எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், ஆணா பெண்ணா, தனியாகவா குடும்பமாகவா என்று இந்த வட்டாரத்தின் இன்னொரு வரலாற்றை எழுதத் தொடங்கலாம். ஒருவருக்குப் பூட்டன் ஊர், மற்றவருக்கு ஊரின் காணாமல் போன பாதி. வேறு கூலி தேவையில்லை.

கடைசியில் கிடைப்பது என்னவாக இருக்கும் என்பதிலும் ஆசையை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. ஸ்காட்லாந்துக்காரருக்குக் கிடைப்பது போல் முத்திரையிட்ட நேர்கோடு பெரும்பாலும் கிடைக்காது. 'இந்த ஊர், இந்தச் சாமி, இந்த வகையறா. அனேகமாக இந்த மூன்று வீட்டில் ஒரு வீடு' என்கிற அளவுக்கு வந்தால் அது வெற்றி. நம்மிடம் உறவு சேர்ந்திருப்பதே தனி ஆளுக்கு அல்ல, கூட்டத்துக்குத்தான் என்பதால் அந்த விடை குறைவானதும் இல்லை. பங்காளி என்று ஒப்புக்கொண்டுவிட்டால் எந்தப் பாட்டனின் மகன் என்பதை யாரும் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. வரி எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்டு வையுங்கள். உங்கள் வீட்டில் குலசாமிக்கென்று விரதமோ படையலோ இருந்தது மாசி மாதச் சிவராத்திரியிலா, பங்குனி உத்திரத்திலா? மதுரை, விருதுநகர் பக்கத்தில் பங்காளிகள் சிவராத்திரிக்குக் கூடுவது பெருவழக்கு. திருநெல்வேலிப் பக்கம் சாஸ்தா கோயில்களில் பங்குனி உத்திரம். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இந்த இரண்டு சீமைக்கும் நடுவில் கிடப்பதால் இங்கே இரண்டும் உண்டு, எது என்று தெரிந்தால் தேட வேண்டிய கோயில்களில் பல கழிந்துவிடும். பயணத்தையும் அந்த நாளை ஒட்டியே வையுங்கள். டிசம்பர் விடுமுறையில் வந்தால் குளிராக இருக்கும், பால்கோவா கிடைக்கும், கோயில் பூட்டியிருக்கும். அந்த ஒரு ராத்திரியில் வந்தால் சென்னையிலும் திருப்பூரிலும் பிழைக்கப் போன தலைக்கட்டுகள் உட்பட எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், வரி நோட்டும் வெளியே வந்திருக்கும்.